ஐந்து வினாடிக் கறுப்பு

அன்ஃபூஷி, அலெக்சாண்டிரியா
நவம்பர் 9, வியாழன்

அன்பு நாதிருக்கு,

உனக்கும் உன் வீட்டாருக்கும் அமைதி உண்டாகட்டும். இங்கே நானும் அம்மாவும் இப்திசாமும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். வருடாவருடம் வரும் துடைப்பப் புயலுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் கடல் இப்போதே கரைச்சுவரைத் தாண்டிச் சாலையில் தண்ணீர் இறைக்கிறது. கடை வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறேன். மாண்ட்ரியலில் பனி ஆரம்பித்திருக்கும். தலையை மூடிக்கொள்.

நீ செய்து அனுப்பிய வீடியோ ஆட்டத்தின் இரண்டாம் பாகம் வந்து பதினேழு நாளாகிறது. கூடவே கருத்துப் படிவமும் வந்தது. இருபத்திரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டம். கதாநாயகனோடு மனத்தளவில் எவ்வளவு ஒன்ற முடிந்தது என்று பதினோராவது கேள்வி கேட்கிறது. மூன்று என்று குறித்தேன், அழித்தேன், ஒன்று என்று குறித்தேன், பிறகு படிவத்தையே மூடிவிட்டேன். கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி எனக்கு எதுவும் தோன்றவில்லை. கட்டத்துக்கு வெளியிலும் தோன்றவில்லை, அது வேறு விஷயம். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். உன் மேலாளர் கேட்டால் எகிப்துக்காரனுக்குப் படிவம் நிரப்பத் தெரியாது என்று சொல்லிவிடு, நம்புவார்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டம் வெளியாகும்வரை யாருக்கும் காட்டமாட்டேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினாய். மீறிவிட்டேன். அம்மாவுக்குக் காட்டிவிட்டேன். அதன் விளைவாக, இருபதாம் தேதி நீதிமன்றத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தவள் இப்போது வரமாட்டேன் என்கிறாள்.

தம்பி ரகப் இத்தாலிக்கென்று திருட்டுப் படகேறி இந்த செப்டம்பரோடு நான்கு வருடம் முடிந்துவிட்டது. உனக்குத் தெரியும், நீயும் நாள் எண்ணியிருப்பாய். நான்கு வருடம் ஒரு தகவலும் இல்லையென்றால், இறந்தவராகக் கொள்ளலாம் என்று நீதிபதி எழுதிக் கொடுப்பார். அந்தத் தாள் வந்தால்தான் இப்திசாம் ஒரு நாற்காலியை விட்டு இன்னொரு நாற்காலியில் உட்கார முடியும். அவளுக்கு முப்பத்தொன்று ஆகிறது. எட்டு மாதம் அவன் மனைவியாக இருந்தாள், நான்கு வருடமாக என்னவாக இருக்கிறாள் என்பதற்கு வார்த்தை இல்லை. குளிர்பெட்டி பழுதுபார்க்கும் ஷஃபீக் என்று ஒருவர், மனைவியை இழந்தவர், தன் அக்காவை அனுப்பி அவளைப் பெண் கேட்டிருக்கிறார். நல்ல மனிதர் என்று முதலில் சொன்னதே அம்மாதான். இப்திசாம் தானாகவே போய் மனுக் கொடுக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"அத்தை வந்து, தன் வாயால தகவல் இல்லைன்னு சொல்லட்டும். அவங்க சொல்லாம நான் விதவையாகமாட்டேன்."

இதை வைத்துக்கொண்டு மற்றதைப் படி. நீ கேட்ட கருத்துகளையும் சொல்கிறேன், கேட்டதால் சொல்கிறேன்.

இரண்டாம் பாகங்களைப் பற்றி நான் நினைப்பது உனக்குப் பழையது. கால்பந்து ஆட்டம் வருடாவருடம் வருகிறது, சட்டை நிறம் மாறுகிறது, நாமும் வருடாவருடம் திட்டிக்கொண்டே வாங்குகிறோம். அது பரவாயில்லை. கால்பந்துக்குக் கதை கிடையாது, அடுத்த வருடமும் அதே பந்து உருளும் என்று தெரிந்துதான் உட்காருகிறோம். கதை உள்ள ஆட்டத்துக்கு இரண்டாம் பாகம் எடுப்பவன், முதல் பாகத்தில் தான் சொன்னதைத் தானே நம்பாதவன். முடிந்தது என்று ஒருமுறை சொன்னால் முடிந்ததுதான். பிறகு வந்து, இல்லை, ஒரு விஷயம் விட்டுப்போச்சு என்றால், வாசலில் விடைபெற்றுவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்காரும் விருந்தாளியைப் போல. அவனுக்குத் தேநீர் போட வேண்டும். போடுகிறோம். ஆனால் முதல் கோப்பை மாதிரி இருப்பதில்லை.

உன் முதல் பாகத்தின் முடிவு எனக்குப் பிடித்திருந்தது. உன் கதாநாயகன் கயிற்றுக்காரன் கயிற்றின் ஒரு நுனியைக் கரைப்பாறையில் கட்டிவிட்டு, முக்குளிப்பவனின் கனத்த உடையோடு, மூழ்கிய ஊரைத் தேடித் தண்ணீருக்குள் நடக்கிறான். ஐந்து வினாடி கறுப்பு. பிறகு பெயர்ப் பட்டியல். அவன் என்ன ஆனான் என்று உலகமே சண்டை போட்டது. ரகப் என் கடையில் உட்கார்ந்து அதைப் பத்து தடவை முடித்தான், வருகிறவர்களிடமெல்லாம் இதைச் செய்தவன் எங்கள் பக்கத்துக் கட்டடத்துக்காரன் என்று சொன்னான். கயிற்றுக்காரன் கடலுக்குள் நடந்து போவதைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம். பதினொரு மாதம் கழித்து ரகப் போனான். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. நீ சேர்த்துப் பார்த்திருக்கிறாய் என்று இரண்டாம் பாகத்தின் முதல் நிமிடத்திலேயே தெரிந்தது.

புதுமை பற்றிக் கேட்டிருக்கிறாய், ஒன்பதாவது கேள்வி. சிரிப்பு வர வேண்டிய கேள்வி. உன் கறுப்புத் திரையைத்தானே எல்லாரும் புதுமை என்று எழுதினார்கள்? முக்கியமான இடத்தில் எதையும் காட்டாமல் விடும் துணிச்சல் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது துணிச்சல் இல்லை, ஹாஜி ஃபிக்ரியின் கஞ்சத்தனம் என்று உனக்கும் எனக்கும் ரகபுக்கும் மட்டும்தான் தெரியும். மீன் சந்தைப் பக்கம் மூன்று தொலைக்காட்சி வைத்து, பிள்ளைகள் ஆட்டம் ஆட மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டாரே, அந்தக் கடையில் இருந்த குறுந்தட்டெல்லாம் நகல். இரண்டு தட்டில் வரும் ஆட்டத்தை ஒரே தட்டில் அடக்க, நடுவில் வரும் கதைக் காட்சிகளை வெட்டி எறிந்துவிடுவார்கள். சண்டை முடியும், ஐந்து வினாடி கறுப்பு, அடுத்த சண்டை. உலகம் முழுக்க ஆட்டம் இப்படித்தான் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். கறுப்பு வந்தால் யாராவது கதை சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இடம் விட்டிருக்கிறான் என்று நீ சொன்னாய். உன் முதல் தத்துவம் அது.

கதை சொன்னது நான். கறுப்பு வந்ததும் ரகப் பொத்தானை அழுத்தாமல் நிறுத்திவைப்பான். மற்ற இரண்டு தொலைக்காட்சியிலும் இருப்பவர்கள் கூடத் திரும்பி உட்காருவார்கள். ஹாஜி ஃபிக்ரி மணி ஓடுகிறது என்று கத்துவார், பிறகு அவரும் பூசணி விதை கொறித்துக்கொண்டு கேட்பார். அந்த ஆட்டத்தில் வரும் துப்பாக்கிக்காரன் தொலைந்துபோன தன் தம்பியைத் தேடுகிற வலைக்காரன் மகன் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். முடித்ததும் ரகப் ஒவ்வொரு முறையும் அதே வார்த்தையைக் கேட்பான். "முடிச்சிட்டியா? போகட்டுமா?" நான் போ என்றால்தான் அழுத்துவான்.

பெரியவர்களான பிறகு நீ எங்கிருந்தோ முழுத் தட்டைப் பிடித்து வந்தாய். அவன் ஏதோ ஓர் எதிர்காலப் பட்டாளத்துச் சிப்பாய், காப்பி குடித்துக்கொண்டு வளவளவென்று பேசினான். தம்பியும் இல்லை, வலையும் இல்லை. ரகப் பார்த்துவிட்டுச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "அண்ணே, இவனுங்க நம்ம கதையைக் கெடுத்துட்டானுங்க."

இப்போது உன் இரண்டாம் பாகத்தில் ஒரு கறுப்பும் இல்லை. எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டாய். காட்சிகள் அழகு, நான் இல்லை என்று சொல்லவில்லை. கயிற்றின் கனம் கையில் தெரிகிறது. தண்ணீருக்கு உங்கள் ஆட்கள் எத்தனை மாதம் உழைத்தார்களோ, நம் கிழக்குத் துறைமுகத்துத் தண்ணீரின் பச்சை அப்படியே வந்திருக்கிறது. படிவத்தில் இதற்கெல்லாம் ஐந்து போட்டுக்கொள். ஆனால் கடலிலிருந்து எழுந்து வந்தவன் படியேறி ஊருக்குள் போகிறான், ஒவ்வொரு வீடாகத் தேடுகிறான், முப்பத்தொரு மணி நேரம் கழித்து அவன் வீட்டுக் கதவு திறக்கிறது, உள்ளே எல்லாரும் இருக்கிறார்கள், முலூக்கியாக் கீரை கொதிக்கிறது, யாருக்கும் வயதாகவில்லை. அந்த இடத்தில் எனக்கு அழுகை வர வேண்டும் என்று நீ கணக்கிட்டிருப்பாய். இசையும் அங்கே தாழ்கிறது. எனக்கு வரவில்லை. கடைசிவரை பார்த்துவிட்டு எழுந்து, ஒரு கன்ட்ரோலரைப் பிரித்துச் சுத்தம் செய்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ ஏன் அவனைத் திருப்பிக் கூட்டி வந்தாய் என்று புரியாத மூடன் இல்லை நான்.

நவம்பர் 10, வெள்ளி

நேற்று மின்சாரம் போய்விட்டது. அதற்கு மேல் எழுதவும் பிடிக்கவில்லை. இன்று தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா பார்த்த கதை இது. போன சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல், கடையைத் திறக்காமல் ஆட்டப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்துத் தொலைக்காட்சியில் மாட்டியிருந்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து போட்டேன். கயிற்றுக்காரன் தண்ணீரிலிருந்து எழுந்தான். இந்த முறை கனத்த உடை இல்லை, ஒரு சட்டை, ஒரு கால்சட்டை. மணலில் ஆறு அடி நடந்தான். இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பி, பின்கழுத்தில் ஒரு கை வைத்துக்கொண்டு.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

படகுப் பட்டறையில் விழுந்து கணுக்கால் முறிந்த பிறகு ரகபுக்கு வந்த நடை அது. அவன் கல்யாணத்தன்று கடற்கரைச் சாலையில் நாம் எல்லாரும் ஊர்வலம் போனபோது நீ பின்னாலிருந்து கைபேசியில் எடுத்தாயே, அதிலிருந்துதான் செய்திருக்கிறாய். நான் கேட்காமலே தெரியும், ஏனென்றால் ஆறாவது அடியில் அவன் தோளைக் குலுக்குகிறான். அன்று பின்னாலிருந்து யாரோ அவன் தோளில் அரிசியும் உப்பும் வீசினார்கள். உன் ஆட்டத்தில் அரிசி இல்லை, குலுக்கல் மட்டும் இருக்கிறது.

மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். அன்று மதியம் வரை எத்தனை தடவை போட்டேன் என்று தெரியவில்லை. இப்திசாமையும் கூப்பிட்டாள். அவள் தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து வந்து, ஒருமுறை பார்த்துவிட்டு, சாயலாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பள்ளிச் சீருடைகள் நாற்பது முடிக்க வேண்டியிருந்தது அவளுக்கு. அதன் பிறகு இயந்திரச் சத்தம் கேட்கவே இல்லை.

நான் அம்மாவிடம் இது ஆட்டம், கணினியில் செய்தது, நாதிர் பழைய படத்தைப் பார்த்துச் செய்திருக்கிறான் என்று விளக்கப் போனேன். அவள் என்னை எப்படிப் பார்த்தாள் தெரியுமா, காய்ச்சல் எனக்கு மூளைக்கு ஏறிவிட்டது மாதிரி.

"ஆட்டம்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன பைத்தியமா? நாதிர் என் கையால சோறு தின்னவன், அவன் இதைச் சும்மா செய்வானா? அங்க ரகபைப் பத்தி ஏதோ தெரிஞ்சிருக்கு அவனுக்கு. போன்ல சொல்ல முடியாத விஷயமா இருக்கும். அதான் இப்படிச் சொல்லி அனுப்பியிருக்கான்."

யோசித்துப் பார், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எத்தனை வீடுகளில் ஏழு வருடம் கழித்து ஏதோ ஒரு சிறையிலிருந்து மூன்றாவது ஆள் வழியாகச் செய்தி வந்திருக்கிறது? லிபியாவில் இருந்தான், மால்டாவில் இருந்தான் என்று தினம் ஒரு கதை மீன் சந்தையில் விற்கிறது. எழுதப்படிக்கத் தெரியாதவனிடம் ஒரு மோதிரத்தைக் கொடுத்து அனுப்புவதை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். நீ ஒரு நடையைக் கொடுத்து அனுப்பியதாக நினைக்கிறாள். இப்போது நீதிமன்றத்துக்குப் போய்த் தகவல் இல்லை என்று சத்தியம் செய்தால் அது பொய்ச் சத்தியம் என்கிறாள். ஷஃபீக்கின் அக்கா வந்தபோது, கொஞ்சம் பொறுங்கள், கனடாவிலிருந்து செய்தி வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இப்திசாம் கோர்ட்டுக்கு என்று துவைத்து வைத்திருந்த கறுப்பு அங்கியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

நேற்று அம்மா என்னிடம் இன்னொன்று கேட்டாள். "ஈரத்தோட நிக்கிறான் பாரு. அவனுக்கு ஒரு துண்டு, ஒரு மாத்துச் சட்டை எடுத்துக் குடுக்க அந்த ஆட்டத்துல வழி இல்லையா?" இல்லை என்று சொன்னேன்.

பதினான்காவது கேள்வியாக, கதை சொல்லும் முறையைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டிருக்கிறாய். எனக்குக் கதை மேல் அபிப்பிராயம் இல்லாமல் போய் நான்கு வருடம் ஆகிறது. ஏன் என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அவன் போன காலை, மன்ஷியா சதுக்கத்தில் அவித்த மொச்சை விற்கும் ஃபூல் வண்டி அருகே நின்று சாப்பிட்டோம். படகு கிளம்பும் ரஷீதுக்கு வண்டி வரக் கால் மணி நேரம் இருந்தது. அம்மாவிடம் அவன் கெய்ரோவுக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தான், எனக்கு மட்டும் தெரியும். அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ரொட்டியைப் பிய்த்து வைத்துக்கொண்டு, அப்புறம் என்ன ஆகும், சொல்லு என்றான். நான் சொன்னேன். இரண்டு ராத்திரி கடல், மூன்றாம் நாள் காலை ஒரு மலை தெரியும், இத்தாலியின் கத்தானியா மீன் சந்தை நம் சந்தை மாதிரியே நாறும், அதனால் உனக்குப் பயமே வராது, முதல் குளிருக்கு ஒரு கோட்டு வாங்குவாய், ஒன்றரை வருடத்தில் இப்திசாமைக் கூப்பிட்டுக்கொள்வாய் என்று நன்றாகவே சொன்னேன். வாழ்நாளில் நான் சொன்ன கதைகளிலேயே நன்றாக வந்தது அதுதான். அவன் ரொட்டியை வாயில் வைக்காமல் கடைசிவரை கேட்டான். பிறகு மிச்சத்தை எல்லாம் சாப்பிட்டான்.

"முடிச்சிட்டியா அண்ணே? போகட்டுமா?"

போ என்றேன்.

அதனால்தான் அம்மாவிடம் நான் சொல்வது எடுபடவில்லை என்று நினைக்கிறேன். இந்த வீட்டில் இல்லாததைச் சொல்கிறவன் நான்தான் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இருக்கிறான் என்று நான் சொன்னால் நம்பமாட்டாள், இல்லை என்று சொன்னாலும் நம்பமாட்டாள். நீ சொன்னால் நம்புவாள். நீ எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தவன்.

நாதிர், பத்தொன்பதாம் தேதிக்குள் அம்மாவுக்குப் போன் செய். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செய், அப்போது அவள் பலகணியில் தனியாக இருப்பாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல். கல்யாண வீடியோவிலிருந்து நடையை எடுத்தேன், என் மனத்துக்குத் தோன்றியது, அவ்வளவுதான் அம்மா என்று சொல். அதற்குப் பிறகு அவள் பேசமாட்டாள். அந்த இடத்தை நீ நிரப்பாதே. ஆறுதல் சொல்லாதே, கடவுள் பெரியவன் என்று சொல்லாதே, என்னைப் பற்றியும் இப்திசாமைப் பற்றியும் பேசாதே. ஐந்து வினாடி பொறு. அவளாகப் போனை வைக்கட்டும்.

அதற்கு முன்னால் எனக்கும் ஒரு வரி எழுது, உனக்கு ஒன்றும் தெரியாது என்று. உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுது.

நடையை மாற்றிவிடச் சொல்லிக் கேட்பதற்காகத்தான் நேற்று பேனாவை எடுத்தேன். ஆட்டம் வெளியாக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, வேறு யாருடைய நடையையாவது வைத்துவிடுவது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த வரியை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். மாற்றாதே, அப்படியே இருக்கட்டும்.

ஒரு பிழை மட்டும் இருக்கிறது. படிவத்தில் பிழைகளுக்கென்று தனிக் கட்டம் இருந்தும் கடைசியாக இங்கே எழுதுகிறேன். இந்த ஒரு வாரமாக நான் ஆட்டத்தை ஆடவில்லை. காலையில் கடை திறந்ததும் போடுகிறேன், அவன் ஆறு அடி நடந்து கரையில் நிற்கிறான், நான் பொத்தானை அழுத்துவதில்லை. வருகிற கைபேசிகளைப் பழுதுபார்க்கிறேன், மதியம் பூட்டும்போது அணைக்கிறேன். ஆட்டத்துக்குள் வெயில் நன்றாக அடிக்கிறது, நிழல் கூட நகர்கிறது. ஆனால் நாலு மணி நேரம் நின்றாலும் அவன் சட்டை காய்வதில்லை, தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதைச் சரிசெய்துவிடு. நின்றுகொண்டிருப்பவனுக்காவது காயட்டும்.

இறைவன் உன்னை எந்த ஊரிலும் நனையாமல் வைத்திருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
ஹிஷாம்